ஒரு பிளேட்டு நேரம்

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். பார்க்க மாட்டார், அவ்வளவுதான். முட்டை வேக மூன்று பிளேட்டு. சங்கரா மீன் குழம்பு கொதித்து இறங்க நான்கு பிளேட்டு. எங்கள் தெருவிலிருந்து மாதா கோவிலுக்கு நடக்க ஒன்றரைப் பிளேட்டு, சித்திரை வெயிலில் ஒரு பிளேட்டிலேயே போய்விடலாம், கால் சுடுகிற சூட்டில் ஓட்டம் தானாக வரும் என்பார். பிளேட்டு என்றால் சாப்பிடும் தட்டு இல்லை, கிராமபோன் பிளேட்டு. ஒரு பக்கம் ஓடி முடிய மூன்று நிமிஷத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும்.

போலகத்திலிருந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி மாறுவதற்கு மூன்று வருஷம் முன்பு அது. என் மாமியார் முட்டை வேகவைக்கப் பிரியதத்த மந்திரம், அதாவது மாதா ஜெபம், சொல்லுவார். முப்பது தடவை சொன்னால் முட்டை வெந்துவிடும், கொஞ்சம் புண்ணியமும் சேர்ந்துவிடும். கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் பிளேட்டு, இந்தப் பக்கம் மந்திரம். நான் முட்டைக்கு மாமியாரையும் மீனுக்கு அக்காவையும் பின்பற்றினேன். மீன்தான் ஒரு நாளும் தப்பியதில்லை.

அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குள்ளம், ஆனால் மணிக்கட்டு இரண்டும் ஆம்பிளை மணிக்கட்டு. எந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டு, கை விளிம்பில் பொத்தான் மாட்டியிருப்பார். பிரெஞ்சு மதாம்கள் போல மரியாதையாக உடுத்துகிறாள் என்று தெருவில் அவருக்கு நல்ல பெயர். கோழி அடிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது, அக்காவைத்தான் கூப்பிடுவோம். கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. கோழிக்கு விஷயம் தெரிவதற்குள் முடிந்திருக்கும். ஒருநாள் மீன் கடையில் கூட்டத்தைச் சாக்கு வைத்து ஒருவன் அக்காவின் இடுப்பில் கை வைத்தான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கமாக அவன் விரலைப் பிடித்து மடக்கினார். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா கூடையில் மீனைப் போட்டுக்கொண்டு, "வாடி, வெயில் ஏறுது" என்றார்.

இப்படிப்பட்ட ஒரு கையை வைத்துக்கொண்டு இந்த அக்கா யாருக்கும் பயப்பட மாட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். ஆறடி உயரம், மடிப்புக் கலையாத சட்டை, மழித்த முகம், இடுப்பில் பித்தளைப் பூட்டு வைத்த பட்டாளத்து பெல்ட். சைகோனிலிருந்து கப்பலில் வரும்போது ஒரு கிராமபோன் பெட்டியும் மரப்பெட்டி நிறையப் பிளேட்டும் கொண்டுவந்தார். அறுபது எழுபது இருக்கும். அப்புறம் நாகப்பட்டினம், கும்பகோணம் என்று போகும் இடமெல்லாம் வாங்கிச் சேர்த்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மதியம் மூன்று மணிக்கு, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பாட்டு வைப்பார். கதவு மட்டும் சாத்தியிருக்கும். ஜன்னலிலேயே பாட்டுக் கேட்கும்போது யார் போய்க் கதவைத் தட்டப் போகிறார்கள்?

தெருவுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். வேறு எந்தத் தெருவிலும் பெட்டி கிடையாது. பாயை விரித்து வாசலில் உட்காருவோம். திருமலைராயன்பட்டினத்திலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்க வரும் முஸ்லிம் பாய் ஒருவர், மூன்று மணிக்குச் சரியாக எங்கள் தெருவில் இருப்பது மாதிரி தன் சுற்றையே மாற்றிக்கொண்டார். "காசு குடுத்துக் கேக்க வேண்டியத இந்த மனுசன் ஜன்னலத் தொறந்து வச்சுக் குடுக்குறாரு" என்பார். சொல்தா நல்ல மனுஷர் என்பதில் தெருவில் இரண்டு பேச்சு இல்லை.

அதில் ஒரு பிளேட்டு கோமாளிப் பாட்டு. மூக்குப்பொடி டப்பாவைத் தொலைத்த மருமகன் ஒருவன், மாமியாரைச் சந்தேகப்பட்டு, தும்மலுக்கு நடுவில் பாடுகிற பாட்டு. அந்தத் தும்மல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் புதுப் பெண் என்ற வெட்கத்தையும் விட்டுவிட்டு ஜன்னல் அருகே போனேன். உள்ளே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே, அத இன்னொரு தடவ வைங்கண்ணே" என்றேன்.

உள்ளிருந்து சொல்தாவின் குரல் வந்தது, கொஞ்சம் மூச்சிரைப்போடு. "அதுக்கென்ன தங்கச்சி. வச்சாப் போச்சு."

வைத்தார். நான் வாசலுக்குத் திரும்பி வந்து, நான் கேட்டதால்தான் வைத்தார் என்று எல்லாரிடமும் பெருமை பேசினேன். சனியன் பிடித்த வாய்.

ஒரு மாதம் கழித்து அக்காவின் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டைத் தும்மலோடு முணுமுணுத்தேன். அக்கா அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். வெறும் அறை இல்லை. காது அடைத்துவிட்டது, உதட்டில் ரத்தம். என் அப்பாகூட என்னை அடித்ததில்லை. அக்கா தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். "போயிடுடி" என்றார். நான் போய்விட்டேன். கிறுக்குப் பிடித்த பொம்பளை என்று மாமியாரிடம் சொன்னேன். சில வாரம் கிணற்றுச் சுவரின் அந்தப் பக்கம் தலையே நீட்டவில்லை.

பிறகுதான் அந்தப் பெட்டியின் ஸ்பிரிங் அறுந்தது.

அன்றைக்கும் கோமாளிப் பாட்டுத்தான். வாசலில் பத்துப் பேர் இருந்தோம். மருமகன் இரண்டாவது தும்மலுக்கு மூச்சை இழுக்கும்போது உள்ளே டங்கென்று ஒரு சத்தம். குரல் கட்டையாகி, இழுத்து, நின்றுவிட்டது. பாட்டு நின்ற இடத்தில் வேறொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி, ஒரே சீராக. மூன்று, நான்கு. நடுவில் சொல்தாவின் குரல், கோபமே இல்லாமல், சாதாரணமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னது. "திரும்பு."

அக்காவின் குரல் கேட்கவே இல்லை. சத்தம் போடாமல் இருக்கப் பழகியிருந்தார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. துணிக்கார பாய் மட்டும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார். சொல்தா திறந்தார். சட்டை இல்லை. பெல்ட் கையில் இருந்தது.

"அது பொம்பளப் புள்ளைங்க. அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், விட்டுடுங்க" என்றார் பாய்.

சொல்தா பெல்ட்டை வீசினார். பித்தளைப் பூட்டு பாயின் வாயில் பட்டது. அவர் விழுந்த பிறகும் காலால் இரண்டு உதை. மூட்டை அவிழ்ந்து துணியெல்லாம் தெருப் புழுதியில் கிடந்தது. நான் எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தாழ் போட்டார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நமக்கென்னடி" என்றார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பாய் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை மல் துணியில் ரத்தம் சொட்டியதும் அதைத் தனியே எடுத்து வைத்தார். வேறு யாரும் குனியவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை.

பாட்டு இல்லாமல் தெரு வெறிச்சென்று இருக்கிறதாம். ஸ்பிரிங் மாற்ற நல்ல ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்தாவுக்கு வழி சொன்னது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். அடுத்த வாரமே பெட்டி ஓடியது. யாரும் பாய் விரிக்கவில்லை, அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. ஆனால் எந்த வீட்டுக் கதவும் முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஸ்பிரிங் அறுந்த மறுநாள் காலையில் நானே கிணற்றுச் சுவருக்குப் போனேன். அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

"ஒரு பக்கம் ஓடுற வரைக்குந்தாண்டி. அதுக்கு மேல அடிக்க மாட்டாரு. பட்டாளத்துல அப்புடிக் கணக்கு போல" என்றார். அண்டாவில் தண்ணீரை ஊற்றினார். "உனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் புடிக்குமா?"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அன்னைக்கு நீ ஜன்னலாண்ட வந்து கேட்டல்ல. முடிஞ்சுதுன்னு நெனச்சு எந்திரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார். அவர் அறைந்த கன்னத்தை நானே இன்னொரு தடவை அறைந்துகொண்டேன்.

கொடி மாறியது. ஒரு வருஷம் கழித்துச் சொல்தா ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். அந்த ஆறடியை அக்கா ஒருவரே புரட்டினார், துடைத்தார், கஞ்சி ஊட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் பத்தினி என்றார்கள். அக்கா முழுக்கை ரவிக்கையை விட்டுவிட்டுச் சாதாரண ரவிக்கை போட ஆரம்பித்தார். முழங்கைக்கு மேலே பித்தளைப் பூட்டின் தடம் வரிசையாக இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

நான்கைந்து மாதம் பெட்டி மூடியே கிடந்தது. ஒருநாள் கிணற்றுச் சுவர் வழியாகக் கூப்பிட்டார். "மூணு மணிக்குக் கொஞ்சம் வந்து உக்காருடி."

போனேன். மரப்பெட்டியைக் கூடத்தின் நடுவே இழுத்து வைத்திருந்தார். பிளேட்டுகளின் காகித உறையெல்லாம் கரையான் அரித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் துடைத்து அடுக்கினோம். கட்டிலில் சொல்தா விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராமபோன் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவருடைய இடது கை தானாக எழுந்து தலையை மறைத்துக்கொண்டது. அக்காவும் அதைப் பார்த்தார்.

"இவ்வளவு பாட்டு இந்த வீட்டுல ஓடிருக்கு. ஒண்ணுல ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் ஓடும்னு மட்டுந்தான் தெரியும். கேக்கணும்டி. எல்லாத்தையும் ஒரு தடவ ஒழுங்கா உக்காந்து கேக்கணும்."

"கேளுங்க அக்கா. அதுக்கு நான் எதுக்கு?"

அக்கா சுவர் ஆணியைக் காட்டினார். பெல்ட் தொங்கியது.

"எங்கப்பாவும் இப்புடித்தான். படுக்கையில விழுந்தாரு. எங்கம்மா பழி தீத்துக்கிச்சு. சின்னப் புள்ளையில நான் பாத்தேன். அடிச்ச மனுசன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல, எங்கம்மா மூஞ்சிதான் இருக்கு. அந்த மூஞ்சி எனக்கு வந்துறக் கூடாது. மாதாகிட்ட வேண்டிக்கிட்டுருக்கேன். பாட்டு ஓடையில இந்தக் கை எந்திரிச்சா நீ புடிச்சுக்கணும். பலமாப் புடிக்கணும்."

"பெல்ட்டத் தூக்கிக் கெணத்துல போட்டுடலாமே."

"போட்டா? கட்டை இருக்கு, செம்பு இருக்கு. தொங்கட்டும். அது தொங்கையிலேயே நான் கேட்டு முடிக்கணும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மூன்று மணிக்கு நான் போய் அக்காவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்காருவேன். முதல் நாள் பிளேட்டு சுற்ற ஆரம்பித்ததும் அக்காவின் முதுகு வளைந்து, தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டது. பாட்டு என்னவென்று கேட்டிருக்கவே மாட்டார். இரண்டாம் நாள் அதையே மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "தாலாட்டாடி இது?" என்றார். தாலாட்டுத்தான். யாரோ ஒரு அம்மா கீழ்க்குரலில் பாடியது. "தாலாட்ட வச்சா அடிச்சாரு" என்று சொல்லி, முதல் தடவையாகக் கட்டிலைப் பார்த்துக் காறித் துப்பினார். பிறகு துப்பியதைத் தானே துடைத்தார்.

அப்புறம் ருசி கண்டுவிட்டது. ஊசி மாற்றக் கற்றுக்கொண்டார். கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கையே சொல்லும் என்றார். ஒரு நாகஸ்வரப் பிளேட்டு இருந்தது, அதை ஒரே மத்தியானத்தில் ஐந்து தடவை வைத்தார். சப்பரம் நம்ம தெருவுக்குள்ளேயே வருகிற மாதிரி இருக்கிறது என்றார். சைகோனிலிருந்து வந்த பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டுவிட்டு, "என்னடி இவ மூக்கடைச்சிக்கிட்டுப் பாடுறா" என்று சிரித்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பிடித்த பிளேட்டெல்லாம் வலது பக்கம், வேண்டாதது இடது பக்கம். வலது பக்கம்தான் வளர்ந்துகொண்டே போனது. ஒரு வாரம் போனதும், மூடியைத் திறந்தால் சொல்தாகூடக் கையைத் தூக்குவதை விட்டுவிட்டார். அக்காவின் கை ஒரு நாள்கூட எழவில்லை. என் காவலுக்கு வேலையே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பாட்டுக் கேட்கிற வெறும் பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் ஆகிவிட்டோம்.

கடைசியில் மரப்பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தது. அதிகம் ஓடிய பிளேட்டு என்பது பார்த்தாலே தெரியும், வரி தேய்ந்து வெளுத்திருந்தது. கோமாளிப் பாட்டு.

"வேண்டாம் அக்கா. இடது பக்கம் வச்சிடுங்க" என்றேன்.

"இது ஒண்ணு பாக்கி இருந்தா எல்லாமே பாக்கிதான். வையி. நான் வைக்க மாட்டேன், நீ வையி."

வைத்தேன். அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மருமகன் டப்பாவைத் தேடினான். முதல் தும்மல். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் அசையவில்லை. இரண்டாவது தும்மல். கண்ணை மூடிக்கொண்டார். தாண்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது தும்மலுக்குக் கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். சொல்தா சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் பாதி தொங்கியிருந்தது, மீதிப் பாதி சிரித்தது. எச்சில் வழிந்தது. தொப்பை குலுங்கியது. அந்தப் பாட்டு அவருக்கு எப்போதும் பிடித்த பாட்டு. அடித்துக்கொண்டே அதைக் கேட்டு ரசித்திருக்கிறார்.

அக்கா எழுந்தார். என் எதிரே நடந்து போய் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தார். திரும்பி என்னைத் தாண்டித்தான் கட்டிலுக்குப் போயாக வேண்டும். தாண்டும்போது நின்றார். ஒரு மூச்சு விடும் நேரம் என் பக்கத்தில் நின்றார். கையை எனக்கு எட்டுகிற மாதிரித் தாழ்த்தி வைத்துக்கொண்டு நின்றார்.

நான் பிடிக்கவில்லை.

பூட்டுப் பக்கத்தால்தான் அடித்தார். மார்பில், தோளில், செத்துக் கிடந்த வலது கையில். இடது கை எழுந்தது, அதன் மேலும் விழுந்தது. நெற்றி பிளந்து தலையணையில் ரத்தம் ஊறியது. பாட்டு முடியும் வரை அடித்தார். முடிந்ததும் நின்றார். ஊசி மட்டும் பிளேட்டில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. எந்த முகம் தனக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரோ அந்த முகம்.

"ஏன்டி புடிக்கல?" என்றார்.

பயத்தில் பிடிக்காமல் இருந்தேன் என்று மாமியாரிடம் சொன்னேன், கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரிடமும் அதையே சொன்னேன். பொய். எனக்குப் பயமே இல்லை. அடிக்கட்டும் என்று இருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவரை அடிக்க வேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. என் கையால் அடிக்கத் துணிச்சல் இல்லாமல் அக்காவின் கையால் அடித்துக்கொண்டேன்.

கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னார்கள். நம்பினாரா தெரியாது, கட்டுப் போட்டார். அக்கா அதற்குப் பிறகும் புரட்டினார், துடைத்தார், கஞ்சி ஊட்டினார். பெட்டி மட்டும் திறக்கவே இல்லை. அந்த நாகஸ்வரத்துக்காக மூன்று மணிக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. கிணற்றடியில் பார்த்தால் வாளியோடு உள்ளே போய்விடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் சொல்தா இறந்தார். துக்கத்துக்குப் போனேன். அக்கா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்க அவரைக் கட்டிப்பிடித்து அழுதது, அவரும் அழுதார். என் முறை வந்தது. நான் குனிந்து அவர் கையைப் பிடித்தேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டார்.